தண்ணீர் ஒதுங்கிய இடம்

தண்ணீர் கட்டி வைத்திருந்த தரையில் இரண்டு இடங்கள் மட்டும் காய்ந்து கிடந்தன.

விளக்கு வெளிச்சம் பட்டு அப்படித் தெரிகிறது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். வெளிச்சம் நகர்ந்தது, அந்த இடங்கள் நகரவில்லை. புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் குளியலறை அது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் தரையில் கசிவு தடுக்கும் பூச்சைப் பூசி, தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்து, விரல் கணு முழுகும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுவார்கள். காலையில் மட்டம் இறங்காமல் இருந்தால் எங்கும் கசியவில்லை என்று அர்த்தம். மட்டம் இறங்கவில்லை. ஆனால் பின்சுவரை ஒட்டி, உட்கார்ந்து குளிக்கும் பலகை வரவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கால் நீளத்துக்கு இரண்டு இடங்களில் தண்ணீரே இல்லை. சுற்றிலும் இருந்த தண்ணீர் அந்த விளிம்பு வரை வந்து, வெட்டிய கண்ணாடி போல நின்றிருந்தது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். குனிந்து தொட்டாள். காய்ந்துதான் இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது. வெகுநேரம் வெறுங்காலோடு ஒருவர் நின்றுவிட்டு அப்போதுதான் நகர்ந்தாற்போல.

வெளியே மணல் சலித்துக்கொண்டிருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் தண்ணீர் மூடிக்கொண்டது. ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஒரே மட்டமாகக் கிடந்தது.

"இங்கதான் மேஸ்திரி. இந்த இடம் மட்டும் காஞ்சிருந்துச்சு."

அவள் மனம் கோணக்கூடாதே என்று அவர் ரசமட்டத்தைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து எல்லாப் பக்கமும் பார்த்தார்.

"மேடு கீடு ஒண்ணும் இல்லம்மா. வாட்டம் நூல் பிடிச்ச மாதிரி ஓடுது." எழுந்து கையை உதறினார். "காலையில டீ குடிச்சீங்களா இல்லயா?"

அவளும் சிரித்துவிட்டாள். குடிக்கவில்லைதான்.

குளியலறை வடிவமைப்பது அவளுடைய தொழில். ஊரில் பாதிப்பேர் வீட்டுக் குழாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். "பாக்க அழகா இருக்கணும், புழங்க வசதியாவும் இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள் என்றால் படம் போடுகிற பாணியே மாறிவிடும். ஆனால் சொந்த வீட்டில் மட்டும், பின்கட்டில் இருந்த பாசி பிடித்த பழைய குளியலறையை இதோ மாற்றுகிறேன், அதோ மாற்றுகிறேன் என்று தள்ளிக்கொண்டே போனாள். ஒருநாள் மாமியார் அங்கே வழுக்கி விழுந்தார். இடுப்பில் தகடு வைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது கையோடு ஒரு வாக்கரும் வந்தது.

அதற்கப்புறம்தான் அத்தையின் படுக்கையறையை ஒட்டிச் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, இந்தக் குளியலறையைக் கட்ட ஆரம்பித்தாள். மனதில் இருந்ததையெல்லாம் இதில் இறக்கினாள். வாக்கர் தடுக்காமல் உள்ளே போகும்படி நிலைப்படியே இல்லாத அகலமான இழுவைக் கதவு. ஈரத்திலும் வழுக்காத, மழைமேக நிறத்துச் சொரசொரப்பான டைல்ஸ். சுவரில் மடித்து வைக்கிற மரப்பலகை. அதன் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பிகள். உட்கார்ந்த வாக்கிலேயே கை எட்டுகிற கைக்குழாய். தலைக்கு மேலே தட்டு அகலத்துக்கு ஒரு ஷவர். சோப்பு வைக்கச் சுவருக்குள்ளேயே ஒரு மாடம், அதற்கு அடியில் கண்ணை உறுத்தாத மஞ்சள் விளக்கு.

"டிசைனரம்மா, நட்சத்திர ஓட்டல்ல இருக்கற மாதிரி இருக்கு. நான் இங்கயே பாய் போட்டுப் படுத்துக்கலாமா?" என்றான் கணவன், வேலை முடிந்த அன்று.

அவளும் அசந்துதான் போனாள். எல்லாரும் போன பிறகு மறுபடி ஒருமுறை உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு நின்று பார்த்தாள். புது சிமெண்டு வாசனைக்கும் பெயிண்ட் வாசனைக்கும் நடுவே இன்னொன்றும் இருந்தது. கொஞ்சநேரம் கழித்துத்தான் அது இன்னதென்று பிடிபட்டது. அப்போதுதான் வெந்நீரில் குளித்துத் துவட்டிய உடம்பின் வாசனை. அந்த அறையில் இன்னும் யாரும் குளித்திருக்கவில்லை.

மாமியார் தையல் கடை வைத்துப் பிழைத்தவர். கணவர் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தபிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவர். பெரிய கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரலில் கல் மாதிரி ஒரு காய்ப்பு. இடது முன்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு, ஒரு படகு போல இருக்கும். யாருக்கும் அடங்காத வாய். குளிப்பாட்ட ஆள் வைக்கலாம் என்று மகன் சொன்னபோது, "நான் என்ன பச்சைக் குழந்தையா? ஊருக்கே அளவெடுத்தவ நான். எனக்கு யாரும் அளவெடுக்க வேண்டாம்" என்று விரட்டிவிட்டார்.

முதல் குளியலுக்கும் அப்படித்தான். "நீ வெளிய நில்லு மருமகளே. கூப்பிட்டா வா. எட்டிப் பாத்தே, கெட்ட கோபம் வரும்."

அவள் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றாள். ஷவர் திறக்கும் சத்தம், பலகை லேசாக முனகும் சத்தம், தண்ணீர் உடம்பில் பட்டுச் சிதறும் சத்தம், அதற்குள்ளே ஈரத்தோலின் மேல் உள்ளங்கை போய்வருகிற சரக் சரக்கென்ற ஓசை, நிதானமாக, ஒரே தாளத்தில். நடுவில் அத்தை களுக்கென்று சிரித்தார். யாரோ கிச்சுகிச்சு மூட்டியதுபோல.

தலையைத் துவட்டிவிடும்போது அத்தையின் முகம் மலர்ந்திருந்தது.

"சொன்ன பேச்சு கேக்காம உள்ள வந்துட்டியே. போகட்டும். முதுகு நல்லாத் தேய்ச்சுவிட்டே. கைதான் உனக்கு இவ்வளவு சூடா இருக்கு, காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா?"

"நான் உள்ளயே வரலயே அத்தை."

"சரி சரி. வராதவ எழுந்துக்கறப்ப கையைப் பிடிச்சு நிறுத்தினாளாக்கும்." அத்தை கண்ணைச் சிமிட்டினார். "கம்பியெல்லாம் சும்மா அழகுக்கு. கை மாதிரி வருமா?"

மருந்து மயக்கம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஆனால் தரையைத் துடைக்கப் போனபோது, பலகைக்குப் பின்னால், எங்கும் நனைந்து கிடந்த டைல்ஸில் இரண்டு இடங்கள் மட்டும் வெளுத்துக் காய்ந்திருந்தன. அவள் துணியை அங்கே கொண்டுபோகவில்லை. மற்ற இடத்தையெல்லாம் துடைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அத்தைக்குக் குளியல் பிடித்துப்போயிற்று. காலையில் ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல், அப்புறம் மத்தியானம் உடம்பு கசகசக்கிறது என்று இன்னொன்று. பாதத்து வெடிப்பெல்லாம் மறைந்தது. வருஷக்கணக்காகக் களிம்பு போட்டும் ஆறாத வெடிப்பு. கணவன் அம்மாவின் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தான்.

"குழந்தை பாதம் மாதிரி ஆயிடுச்சு! டிசைனரம்மா, உன் டைல்ஸுக்கு விளம்பரமே எங்கம்மா காலை வச்சுக் கொடுக்கலாம்."

கழுத்துச் சுருக்கம் குறைந்தது. நெற்றிக் கோடுகள் போயின. பார்க்க வந்தவர்களெல்லாம், பத்து வயசு குறைந்துவிட்டது என்றார்கள். அத்தை வெட்கப்பட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஒருநாள் மருந்து தடவுவதற்காக அத்தையின் இடது கையைத் திருப்பியபோதுதான் சிரிப்பு நின்றது.

படகு இல்லை.

விளக்கைப் போட்டுப் பார்த்தாள். வலது கையையும் பார்த்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வழவழப்பாக, ஒரு மாசு மருவில்லாமல் இருந்தது தோல்.

"அத்தை, இங்க இருந்த தழும்பு எங்க?"

"எந்தத் தழும்பு?"

"இஸ்திரிப் பெட்டி சுட்டது. உங்க பையன் தவழ்ந்து வந்து பெட்டியைப் பிடிக்கப் போனான், நீங்க கையைக் குறுக்க வச்சீங்களே. நீங்கதானே சொன்னீங்க?"

அத்தை தன் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானா? எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லயே" என்றார். பொய் சொல்கிற முகம் அல்ல அது.

அன்று அத்தை தூங்கியதும் அவள் குளியலறையில் மண்டியிட்டு உட்கார்ந்து, தண்ணீர் போகும் மூடியைக் கழற்றினாள். எத்தனையோ வீடுகளில் கழற்றியிருக்கிறாள். முடி, சோப்புக் கசடு, உடம்பழுக்கு எல்லாம் திரண்டு வழவழவென்று சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் எடுக்கவேண்டும். இங்கே மூன்று வேளையும் ஒருவர் தேய்த்துக் குளிக்கிறார். வாரக்கணக்காகக் குளிக்கிறார். சல்லடை கடையில் வாங்கியபோது இருந்த பளபளப்போடு இருந்தது. ஒரு முடி இல்லை. விரலை உள்ளே விட்டு ஓரமெல்லாம் தடவினாள். ஒன்றுமே இல்லை. அத்தையிடமிருந்து போனது எதுவும் இந்த ஓட்டை வழியாகப் போகவில்லை.

பின் கழுத்தில் சூடாகக் காற்றுப் பட்டது. மூச்சுப் போல. மேலே இருந்த காற்றாடி ஓடவில்லை.

அவள் மூடியைத் திரும்பப் போடாமல் எழுந்து வெளியே வந்தாள். ஓடவில்லை. ஓடினால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

கணவனுக்கு அப்போது தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டே, சுற்றி வளைத்துத்தான் சொன்னாள். தழும்பு, ஞாபகமறதி, சல்லடை. காய்ந்த இடங்களைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"வயசானா மறதி வரும்மா. அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த மயக்க மருந்துகூடக் காரணமா இருக்கலாம்னு டாக்டர் சொன்னாரே."

"தழும்பு மறையுமா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். அந்தத் தழும்பு அவனுக்காகப் பட்டது. "அம்மா சந்தோஷமா இருக்காங்க" என்றான் கடைசியில். "இத்தனை வருஷத்துல அவங்க இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதைப் போய் நோண்டாதே."

அதற்கப்புறம் கட்டைவிரல் காய்ப்பும் போனது. மகனின் சட்டையில் பித்தான் தைக்க ஊசியை எடுத்த அத்தையால் அதைப் பிடிக்க முடியவில்லை. ஊசி விரல்களுக்கு நடுவே வழுக்கி வழுக்கி மடியில் விழுந்தது. எடுத்தார், விழுந்தது. அப்புறம் ஊசியை உற்றுப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு ஆகும்?" என்று கேட்டார். போனில் விரலை வைத்தால் திறக்கவில்லை. அவள் அத்தையின் விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நுனியில் ரேகை இல்லை. உள்ளங்கையிலும் ஒரு கோடு இல்லை. கழுவி வைத்த பீங்கான் மாதிரி இருந்தது.

மறுநாள் அத்தை எவ்வளவு திட்டியும் கேட்காமல் அவளும் குளியலறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு நின்றாள்.

அத்தை பலகையில் உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் இரண்டு கம்பிகளையும் பிடித்துக்கொண்டார். ஷவர் கொட்டியது. வெந்நீர் ஆவி எழுந்து மஞ்சள் விளக்கைச் சுற்றிக்கொண்டது. கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வயதான பெண்மணி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு குளிக்கிறார். அவ்வளவுதான். அவளுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. நாமாகத்தான் எதையெதையோ நினைத்துப் பயந்து சாகிறோம் என்று நினைத்தாள்.

அத்தையின் தலை முன்னால் சாய்ந்தது.

தானாகச் சாயவில்லை. பிடரியில் கை வைத்து மெதுவாக அழுத்தினால் எப்படிச் சாயுமோ அப்படி. பின்னந்தலை முடி நடுவில் பிரிந்தது. இடப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கியது, வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கியது. நடுவில் வெள்ளையாகக் கழுத்து தெரிந்தது. அத்தையின் இரண்டு கைகளும் கம்பியில்தான் இருந்தன. சரக். சரக். முதுகில் சோப்பு நுரை வட்டம் வட்டமாகச் சுழன்றது.

அவள் பாய்ந்து குழாயை மூடினாள். துண்டைச் சுற்றி அத்தையைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். அத்தை இவ்வளவு லேசாக எப்போது ஆனார்? வாசல் தாண்டும்போது அத்தை கோபமாகத் திரும்பினார்.

"பாதியில விட்டுட்டா எப்படி? முகத்தை இன்னும் கழுவவே இல்லயே?"

அவளிடம் கேட்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, காலியாக இருந்த குளியலறையைப் பார்த்துக் கேட்டார்.

கதவுக்குப் பூட்டுப் போட்டாள். சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். பின்கட்டுப் பழைய குளியலறையில் நாற்காலி போட்டு, வாளியில் வெந்நீர் கொண்டுபோய் அத்தையைக் குளிக்கவைத்தாள். அத்தை வாய் பேசவில்லை. அந்த வாய்! ஊரையே ஆட்டிவைத்த வாய். இப்போது அது குளித்து முடித்ததும், "அங்க எப்போ?" என்று மட்டும் கேட்டது. பகல் முழுக்க, பூட்டிய கதவுக்கு முன்னால் நாற்காலியிலேயே அத்தை உட்கார்ந்திருந்தார். கதவை உள்ளங்கையால் தடவினார். சிலசமயம் காதை வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி அவள் கேட்டாள். தையல் கடை வாசலில் இளவயது அத்தை, இடுப்பில் பிள்ளை.

"இது யாரு அத்தை?"

அத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "யாரோ பாவம், தனியா நிக்கறா" என்றார்.

அன்றைக்கு அவள் அழுதாள். கணவனோடு சண்டையும் அன்றைக்குத்தான். அந்தக் குளியலறையை இடிக்கப் போகிறேன் என்றாள். அவன் முதலில் சிரித்தான், அப்புறம் கத்தினான். "உனக்கு என்ன ஆச்சு? நீயே கட்டினே, நீயே இடிக்கறியா? அம்மா கதவு முன்னாடி உக்காந்து ஏங்கறாங்க, அது உன் கண்ணுக்குத் தெரியல?" அவள் மேஸ்திரிக்குப் போன் செய்தாள். "அடக் கடவுளே, புதுப் பொண்ணு மாதிரி இருக்கே, அதைப் போய் உடைக்கச் சொல்றீங்களே" என்று அங்கலாய்த்துவிட்டு, காலையில் ஆளோடு வருவதாகச் சொன்னார்.

கணவன் முகம் கொடுக்காமல் ஷிப்டுக்குப் போனான். சாயங்காலம் மழை பிடித்தது. வானம் சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. அத்தை கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலை ஒட்டி வாக்கர் நின்றது. பூட்டை இழுத்துப் பார்த்தாள், உறுதியாக இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. ஆனால் கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக அந்த வாசனை வந்தது. வெந்நீர். துவட்டிய உடம்பு.

காலை வரை காத்திருக்க அவளால் முடியவில்லை. தண்ணீரையாவது நிறுத்திவிடலாம். அந்த அறைக்குப் போகும் குழாய் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தனியாக இறங்குகிறது. அப்படி அமைத்தது அவள்தான். குடையைக்கூட எடுக்காமல் மாடிக்குப் போனாள். மழை முகத்தில் அறைந்தது. வால்வு புதிது, இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். கை வழுக்கியது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு மறுபடி திருகினாள். மெதுவாக, முழுக்க, இனி திரும்பாது என்கிற வரைக்கும். அவ்வளவுதான். இனி ஒரு சொட்டு இறங்காது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் மழையிலேயே நின்றாள். சங்கிலி விரலில் பட்டது. தடவினாள்.

சங்கிலியில் சாவி இல்லை.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பாதிப் படியிலேயே கேட்டுவிட்டது. மழைச் சத்தம் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். மழை வெளியே பெய்தது. இது வீட்டுக்குள் பெய்தது.

கட்டில் காலியாக இருந்தது. போர்வை அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. வாக்கர் வைத்த இடத்திலேயே நின்றது. அத்தை வாக்கர் இல்லாமல் இரண்டடி நடக்க மாட்டார்.

பூட்டு தரையில் கிடந்தது, சாவியோடு. கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. இடுக்கில் மஞ்சள் வெளிச்சம். ஆவி.

"அத்தை?"

சரக். சரக்.

"அத்தை, நான் வந்துட்டேன். வெளிய வாங்க."

மேலே வால்வு மூடியிருக்கிறது. குழாயில் மிச்சம் இருக்கிற தண்ணீர்தான், இதோ நின்றுவிடும். நின்றுவிடும். அவள் காத்திருந்தாள். நிற்கவில்லை. விரலைக் கதவில் வைத்தாள். தள்ளினாள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்தது கதவு. அவள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கதவு.

அத்தை பலகையில் உட்கார்ந்திருந்தார். கைகள் கம்பியில் இல்லை. மடியில் கோத்து வைத்திருந்தார். முகத்தைக் குழந்தை மாதிரி மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால் தண்ணீர் தரைக்கு வரவில்லை.

நேராக விழவேண்டிய தண்ணீர் பாதி உயரத்தில் எதிலோ பட்டு உடைந்தது. சரிந்து ஓடியது. ஒரு விளிம்பு வரை போய்ச் சொட்டியது. அது தோள். அங்கிருந்து இறங்கியது கை. அதற்கு மேலே, ஷவர் தட்டை இடித்துக்கொள்ளாமல் இருக்க முன்னால் வளைந்திருந்தது ஒரு தலை. நிமிர்ந்தால் கூரைக்கு மேலே போய்விடும் அளவுக்கு உயரம். உள்ளே ஒன்றும் இல்லை. பின்னால் இருந்த டைல்ஸ் தெரிந்தது. தண்ணீர் மட்டும் அதன் மேல் வழிந்துகொண்டே இருந்தது.

அத்தைக்குப் புருவம் இல்லை. மூடிய கண்களில் இமைக்கும் கன்னத்துக்கும் நடுவே கோடு இல்லை. மூக்கு இருந்த இடம் கரைந்த சோப்பு போல மழுங்கியிருந்தது. வாய் மட்டும் மெல்லிய கீறலாக மிச்சம் இருந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது.

தண்ணீர்க் கை அதன் மேல் போயிற்று. ஒரே ஒருமுறை. வந்தது.

வாய் இல்லை.

அவள் கத்தவேண்டும். கால் நகரவேண்டும். இரண்டும் நடக்கவில்லை. சரக்கென்ற சத்தம் நின்றது. அத்தை மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். வெறும் வழவழப்பு திரும்பியது. யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தாற்போல, பலகையில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

அப்புறம் தண்ணீர் வளைந்தது. அவள் பக்கமாக. முழங்கை. மணிக்கட்டு. விரல்கள். வயதானவர்கள் இடறிவிடாமல் இருக்க நாம் நீட்டுவோமே, அப்படி, உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது அந்தக் கை. அதில் அவசரமே இல்லை. உள்ளங்கைக் குழியில் தண்ணீர் நிரம்பிக்கொண்டே இருந்தது, நிரம்பி, விரல் இடுக்குகளில் மெதுவாக வழிந்துகொண்டே இருந்தது.